தார்ச்சாலைக்கும் சரளைப் பாதைக்கும் சேர்த்து டயர் தேர்ந்தெடுப்பது எப்படி?

தார்ச்சாலையிலும் மண்பாதையிலும் ஓட்டத்தக்க டூயல் ஸ்போர்ட் வண்டியோ அட்வென்ச்சர் வண்டியோ வாங்கியவர்கள், வண்டியோடு வந்த டயரைப் பற்றி அதிகம் யோசிப்பதில்லை. அது தேய்ந்து, மாற்ற வேண்டிய நாள் வரும்போதுதான் குழப்பம் தொடங்குகிறது. ஒரே அளவில் பல வகை டயர்கள் கிடைக்கின்றன. சாலைக்கு இவ்வளவு, மண்பாதைக்கு இவ்வளவு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு விகிதம் சொல்லப்படுகிறது. யாரைக் கேட்டாலும் தாம் போட்டிருப்பதே சிறந்தது என்கிறார்கள். இவற்றுக்கு நடுவில் எதை முதலில் பார்ப்பது, எதைப் பிறகு பார்ப்பது என்று புரிந்துகொள்ள எனக்குத் தேவைக்கு மேல் காலம் பிடித்தது. அந்த வரிசையை யாராவது தொடக்கத்திலேயே சொல்லியிருந்தால் பணமும் அலைச்சலும் மிச்சமாகியிருக்கும் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

முக்கியமான ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். விற்பவர் சொல்லும் விகிதத்தை வைத்து டயர் வாங்காதீர்கள். உங்களால் தவிர்க்கவே முடியாத மோசமான பாதை எதுவோ, அதை மனத்தில் வைத்து முன் டயரைத் தேர்ந்தெடுங்கள். நீங்கள் அதிகத் தூரம் ஓடும் பாதை எதுவோ, அதை மனத்தில் வைத்துப் பின் டயரைத் தேர்ந்தெடுங்கள். கீழே வரும் படிகள் எல்லாம் இந்த இரண்டு முடிவுகளையும் சரியாக எடுப்பதற்கான வழிதான்.

1. ஆவணங்களை எடுத்து வையுங்கள்

கடைக்குப் போவதற்கு முன் மூன்று தாள்கள் கையில் இருக்க வேண்டும்: வண்டியின் உரிமையாளர் கையேடு, பதிவுச் சான்று, காப்பீட்டு ஆவணம். கையேட்டில் முன், பின் டயர்களின் அளவு, சுமைக் குறியீடு, வேகக் குறியீடு, ஒருவர் ஓட்டும்போதும் இருவர் ஓட்டும்போதும் வைக்க வேண்டிய காற்றழுத்தம் ஆகியவை இருக்கும். கையேடு தொலைந்திருந்தால் பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மிலோ, செயின் மூடியிலோ ஒட்டப்பட்டிருக்கும் ஸ்டிக்கரில் பெரும்பாலும் இதே விவரங்கள் இருக்கும். அதைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பதிவுச் சான்றும் காப்பீடும் எதற்கு என்று கேட்கலாம். சில நாடுகளில் பதிவு ஆவணத்தில் குறிக்கப்பட்ட டயர் அளவிலிருந்து விலகினால், அதற்குத் தனி அனுமதியோ உற்பத்தியாளர் கடிதமோ வேண்டியிருக்கும். அது இல்லாமல் ஓட்டி விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் கேள்வி கேட்க இடமுண்டு. அளவை மாற்றும் எண்ணம் இருந்தால், டயர் வாங்கிய பிறகு கேட்பதை விட வாங்குவதற்கு முன் காப்பீட்டாளரிடம் எழுத்தில் கேட்டுப் பதில் பெறுவது நல்லது. அளவை மாற்றாமல் வகையை மட்டும் மாற்றுபவர்களுக்கு இந்தச் சிக்கல் பெரும்பாலும் வராது. புதியவர்கள் அளவை மாற்றாமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து.

2. பக்கச்சுவரில் எழுதியிருப்பதைப் படியுங்கள்

டயரின் பக்கச்சுவரில் இருக்கும் எண்களையும் எழுத்துகளையும் ஒரு முறை பொறுமையாகப் படித்துவிட்டால், பிறகு எந்தக் கடையிலும் உங்களை யாரும் குழப்ப முடியாது. எடுத்துக்காட்டாக 150/70 ஆர் 18 எம்/சி 70 வி என்று இருந்தால், 150 என்பது மில்லிமீட்டரில் டயரின் அகலம். 70 என்பது அந்த அகலத்தில் 70 விழுக்காடு உயரம் பக்கச்சுவருக்கு உண்டு என்பது. ஆர் என்பது ரேடியல் அமைப்பு, அதாவது டயருக்குள் இருக்கும் இழைகள் குறுக்கே நேராக ஓடுவது. 18 என்பது அங்குலத்தில் ரிம்மின் விட்டம். எம்/சி என்பது மோட்டார் சைக்கிளுக்கானது என்பது. அடுத்து வரும் 70 சுமைக் குறியீடு. அது 335 கிலோவைக் குறிக்கும். கடைசி எழுத்து வேகக் குறியீடு. வி என்றால் மணிக்கு 240 கி.மீ. ஆர் என்ற எழுத்துக்குப் பதில் சிறு கோடு மட்டும் இருந்தால் அது பயாஸ் அமைப்பு, அதாவது இழைகள் சாய்வாக ஓடுவது.

நடைமுறையில் அடிக்கடி தேவைப்படும் சில குறியீடுகள்: சுமையில் 54 என்றால் 212 கிலோ, 57 என்றால் 230, 60 என்றால் 250, 65 என்றால் 290, 69 என்றால் 325. வேகத்தில் பி என்றால் 150, கியூ என்றால் 160, எஸ் என்றால் 180, டி என்றால் 190, எச் என்றால் 210 கி.மீ. இவற்றில் சுமைக் குறியீட்டை ஒருபோதும் கையேட்டில் உள்ளதை விடக் குறைக்காதீர்கள். பின்னால் ஒருவர், இரு பக்கமும் பெட்டிகள், மேலே ஒரு மூட்டை என்று ஏற்றிக்கொண்டு கற்கள் மேல் போகும்போது பின் டயர் தாங்கும் எடை, நீங்கள் வீட்டு வாசலில் நினைப்பதை விட மிக அதிகம்.

வேகக் குறியீட்டில் ஒரு விதிவிலக்கு உண்டு. பெரிய பட்டன்கள், அதாவது தனித்தனியே நிற்கும் ரப்பர்க் கட்டைகள், கொண்ட டயர்கள் பல கியூ குறியீட்டோடு மட்டுமே வருகின்றன, கான்டினென்டல் டி.கே.சி. 80-இன் பல அளவுகள் அதற்குத் தெரிந்த எடுத்துக்காட்டு. வண்டிக்கு வி குறியீடு கேட்கப்பட்டிருந்தாலும், எம்+எஸ் (சேறும் பனியும்) குறி உள்ள டயர் என்றால் குறைந்த வேகக் குறியீட்டைச் சில நாடுகளில் ஏற்கிறார்கள். ஓட்டுநரின் கண்ணில் படும் இடத்தில் அந்த வேக எல்லையை ஒட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் அதோடு வரும். உங்கள் நாட்டு விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். விதி எதுவானாலும், 160 கி.மீ. குறியீடுள்ள டயரை அதற்கு மேல் ஓட்டக் கூடாது.

இன்னும் இரண்டு குறிகளைக் கட்டாயம் தேடுங்கள். வட்டத்துக்குள் ஈ என்ற ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும் இருந்தால், மோட்டார் சைக்கிள் டயர்களுக்கான ஐ.நா. ஒழுங்குமுறை 75-இன்படி அந்த டயர் அங்கீகாரம் பெற்றது என்று பொருள். அமெரிக்கச் சந்தைக்கான டயரில், அந்நாட்டுப் போக்குவரத்துத் துறையைக் குறிக்கும் டாட் (DOT) குறி இருக்கும். மாறாக, என்.எச்.எஸ். என்ற மூன்று எழுத்துகள் இருந்தால் அது பொதுச் சாலைக்கு ஆகாத பந்தய டயர். பார்ப்பதற்கு நல்ல பட்டன் டயர் போலவே இருக்கும், விலையும் சில நேரம் குறைவாக இருக்கும். அதை மாட்டிச் சாலையில் ஓட்டுவது சட்டத்துக்கும் உயிருக்கும் எதிரானது. புதியவர்கள் அதிகம் சிக்கும் பொறி இது.

3. உங்கள் பாதையை எழுதிப் பாருங்கள்

ஒரு தாளை எடுத்து, கடந்த சில மாதங்களில் நீங்கள் உண்மையில் போன பாதைகளை எழுதுங்கள். போக நினைக்கும் பாதைகளை எழுத வேண்டாம். அதுதான் பலரையும் தேவையில்லாத டயரை வாங்க வைக்கிறது. தூரம், தரை, மழை, சுமை என்ற நான்கும் ஒவ்வொரு பாதைக்கும் பக்கத்தில் இருக்கட்டும்.

தரை என்று எழுதும்போது வெறுமனே சரளை என்று எழுதி நிறுத்திவிடாதீர்கள், ஏனென்றால் சரளையில் பல வகை உண்டு. நன்றாக இறுகிய மண்ணின் மேல் சிறு கற்கள் மெல்லிய படலமாகச் சிதறிக் கிடக்கும் பாதை ஒன்று. அங்கே பட்டன்கள் உள்ளே புதைய இடமில்லை. தரையைத் தொடும் ரப்பரின் பரப்பும், பட்டன்களின் விளிம்புகளும்தான் பிடிப்பைத் தருகின்றன. அதனால் நெருக்கமான, சிறிய கட்டைகள் கொண்ட, சாலை டயருக்கும் பட்டன் டயருக்கும் இடைப்பட்ட நடுவகை டயர் அங்கே வியக்கத்தக்க அளவு நன்றாக ஓடும். புதிதாகக் கொட்டிப் பரப்பிய, இன்னும் இறுகாத ஆழமான சரளை வேறு வகை. அதில் முன் சக்கரம் தானாகவே இடமும் வலமும் அலையும். பட்டன்களுக்கு நடுவே அகன்ற இடைவெளி உள்ள டயர் மட்டுமே கற்களை விலக்கி உள்ளே இறங்கித் திசையைப் பிடிக்கும். மூன்றாவது, மழைக்குப் பிறகு களியாக மாறும் மண்பாதை. இங்கே நெருக்கமான டயர் ஓரிரு சுற்றிலேயே களியால் நிரம்பி வழவழப்பான உருளையாகிவிடும். இடைவெளி அகன்ற டயர்தான் சுழலும்போதே களியை உதறித் தள்ளும்.

ஆகவே உங்கள் பட்டியலில் ஆண்டு முழுவதும் போகும் சரளை முதல் வகையாக இருந்தால், பெரிய பட்டன் டயருக்காகப் பணம் செலவழிக்க வேண்டிய அவசியமே இல்லை. மழைக்காலத்திலும் தவிர்க்க முடியாத சில கிலோமீட்டர் களிமண் இருந்தால், அந்தச் சில கிலோமீட்டர்தான் உங்கள் முன் டயரை முடிவு செய்ய வேண்டும். சராசரிக் கணக்கில் அது மிகச் சிறிய பங்காகத் தோன்றும். ஆனால் வண்டி விழுவது அங்கேதான்.

4. விகிதங்களை நம்பாமல் டயரைப் பாருங்கள்

90/10, 80/20, 50/50 என்று சொல்லப்படுபவை சாலைக்கும் சாலையல்லாத பாதைக்குமான பங்கு. இதை அளந்து சொல்வதற்குப் பொதுத் தரநிலை எதுவும் இல்லை. ஒவ்வொரு உற்பத்தியாளரும் தம் கணிப்பைச் சொல்கிறார். ஒருவருடைய 50/50 இன்னொருவருடைய 70/30 போல இருக்கக்கூடும். ஆகவே எண்ணை ஓரம் வைத்துவிட்டு டயரையே பாருங்கள்.

கடையில் டயரைக் கையில் எடுத்ததும் மூன்று விஷயங்களைக் கவனிக்கலாம். முதலாவது, ரப்பருக்கும் இடைவெளிக்கும் உள்ள பங்கு. இடைவெளி அதிகமானால் தளர்ந்த தரையில் பிடிப்பு கூடும், ஈரமான தார்ச்சாலையில் பிரேக் பிடிக்கும்போது தரையைத் தொடும் ரப்பர் குறையும். இரண்டாவது, பட்டனின் உறுதி. ஒரு பட்டனின் பக்கவாட்டில் கட்டை விரலை வைத்து அழுத்திப் பாருங்கள். உயரமாகவும் தனித்தும் நிற்கும் பட்டன் எளிதில் சாயும். அடியில் ஒன்றோடொன்று ரப்பர் பாலத்தால் இணைந்த பட்டன் அவ்வளவு சாயாது. தார்ச்சாலையில் வளைவில் சாய்க்கும்போது பட்டன்கள் இப்படிச் சாய்வதைத்தான் வண்டி நெளிவது போல உணர்கிறோம். சாய்ந்து நிமிர்வதால் எழும் சூடுதான் பட்டன் டயர்களை விரைவில் தேய்க்கிறது. மூன்றாவது, நடுப்பகுதி. நடுவில் தொடர்ச்சியான ரப்பர்ப் பட்டை இருந்தால் நெடுஞ்சாலையில் நீண்ட நாள் உழைக்கும், நேர் ஓட்டத்தில் அமைதியாக இருக்கும். ஆனால் களியில் அந்தப் பட்டை சறுக்கும்.

இந்த மூன்றையும் வைத்துச் சந்தையில் உள்ளவற்றை எளிதாக வகைப்படுத்தலாம். மெட்செலர் டூரான்ஸ் போன்றவை தார்ச்சாலைக்கே உரியவை. இறுகிய சரளையில் நிதானமாகப் போகலாம், அவ்வளவுதான். யமஹா டெனெரே 700 வண்டியோடு வந்த பிரெல்லி ஸ்கார்பியன் ராலி எஸ்.டி.ஆர். நடுவகை; தார்ச்சாலையில் நம்பிக்கையோடு சாய்க்கலாம், சரளையிலும் கைவிடாது. ஹைடனாவ் கே60 ஸ்கவுட்டின் பல பின் டயர் அளவுகளில் நடுப்பட்டை உண்டு. நீண்ட தூரம் போகிறவர்கள் அதன் உழைப்புக்காகவே அதை விரும்புகிறார்கள். கான்டினென்டல் டி.கே.சி. 80, மிஷெலின் அனாக்கி வைல்டு, டன்லப் டி606 ஆகியவை பட்டன் பக்கம் சாய்ந்தவை. உங்கள் அளவில் இவை அனைத்தும் கிடைக்காது. அது அடுத்துப் பார்க்க வேண்டியது.

5. உங்கள் ரிம் அளவு எதையெல்லாம் அனுமதிக்கிறது?

முன்பக்கம் 21 அங்குலமும் பின்பக்கம் 18 அங்குலமும் உள்ள வண்டிக்குப் பட்டன் டயர் தேடுவது எளிது. ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200, ஹோண்டா ஆப்பிரிக்கா ட்வின் ஆகியவை இந்த அமைப்பில் உள்ளவை. பின்பக்கம் 17 அங்குலம் என்றால் தெரிவு சற்றுக் குறையும். ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411-இன் பின் டயர் 120/90-17. முன்பக்கம் 19 அங்குலம், பின்பக்கம் 17 என்ற அமைப்பில் தார்ச்சாலைப் பக்கம் சாய்ந்த டயர்கள் ஏராளம். ஆழ்ந்த பட்டன் வகைகள் குறைவு. வண்டியே எந்தப் பாதைக்காகச் செய்யப்பட்டது என்பதை ரிம் அளவு சொல்லிவிடுகிறது. அதை எதிர்த்துப் போராடிப் பயனில்லை.

அகலமான டயர் போட்டால் பிடிப்பு கூடும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. ரிம்மின் அகலத்துக்கு உற்பத்தியாளர் சொன்ன வரம்பை மீறிய டயர், ரிம்மில் நசுங்கி அதன் முகப்பு வளைவு கெட்டுவிடும். சாய்க்கும்போது வண்டியின் குணமே மாறும். இடைவெளியும் பிரச்சினை. எஞ்சினை அணைத்து, பின் சக்கரத்தைக் கையால் சற்றுச் சுழற்றி நிறுத்திவிட்டு, டயருக்கும் செயினுக்கும் நடுவில், டயருக்கும் ஸ்விங் ஆர்முக்கும் நடுவில் விரலை விட்டுப் பாருங்கள். வேகத்தில் டயர் சற்று விரியும். பட்டன்களுக்கு நடுவில் கற்கள் மாட்டிக்கொள்ளும். ஒரு கல் உரசினாலே ஸ்விங் ஆர்மில் கோடு விழும். முன்பக்கத்தில் தாழ்ந்த மட்கார்டு உள்ள வண்டிகளில் உயரமான பட்டன்களும் களியும் சேர்ந்து சக்கரத்தையே நிறுத்திவிடக்கூடும்.

ஏ.பி.எஸ். (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள வண்டிகளில், முன் பின் சக்கரங்களின் சுற்றளவு விகிதம் மாறினால் அந்த அமைப்பின் கணக்கும் மாறும். அளவை மாற்ற வேண்டாம் என்று முன்பே சொன்னதற்கு இதுவும் காரணம்.

6. முன்னும் பின்னும் ஒரே வகையாக இருக்க வேண்டுமா?

இருக்க வேண்டியதில்லை. சரளையில் பின் சக்கரம் சறுக்கினால் பெரும்பாலும் சமாளிக்கலாம். முன் சக்கரம் சறுக்கினால் சமாளிக்க நேரமே இருக்காது. அதே நேரத்தில் வண்டியைத் தள்ளும் வேலையைச் செய்யும் பின் டயர்தான் முதலில் தேய்கிறது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், முன்பக்கம் சற்று அதிகப் பட்டன் கொண்ட டயரும் பின்பக்கம் நீடித்து உழைக்கும் நடுவகை டயரும் போடுவது நியாயமான தீர்வு. பல அனுபவசாலிகள் இப்படித்தான் ஓட்டுகிறார்கள். புதியவர்களுக்கும் நான் இதையே சொல்வேன்.

ஆனால் எல்லை உண்டு. முன்பக்கம் முழுப் பட்டனும் பின்பக்கம் முழுத் தார்ச்சாலை டயரும் போட்டால், மழையில் தார்ச்சாலையில் பிரேக் பிடிக்கும்போது எந்தச் சக்கரம் முதலில் வழுக்கும் என்று கணிக்க முடியாமல் போகும். ஒரு படி வேறுபாடு போதும். ஒரு பக்கம் ரேடியலும் மறு பக்கம் பயாஸும் கலப்பதை, டயர் உற்பத்தியாளர் அந்த இணையை வெளிப்படையாக அனுமதித்திருந்தால் மட்டுமே செய்யுங்கள். ரேடியல் குளிர்ச்சியாக ஓடும், எடை மிக்க வேகமான வண்டிக்கு ஏற்றது; பயாஸ் டயரின் பக்கச்சுவர் பொதுவாக விறைப்பானது, எளிய கட்டுமானம் என்பதால் விலையும் பெரும்பாலும் குறைவு.

7. டியூப் உள்ளதா, இல்லாததா?

உங்கள் ரிம் எதைக் கேட்கிறதோ அதுதான். ஸ்போக் துளைகள் காற்றுப் புகாதபடி அடைக்கப்படாத சாதாரண ஸ்போக் ரிம் என்றால் டியூப் கட்டாயம். டியூப்லெஸ் என்று எழுதிய டயரை டியூப் போட்டு அத்தகைய ரிம்மில் பயன்படுத்த, டயர் உற்பத்தியாளர் அனுமதித்தால், தடையில்லை. ஆனால் டியூப் வகை என்று எழுதிய டயரை டியூப் இல்லாமல் பயன்படுத்தவே கூடாது.

டியூப் வைத்திருப்பவர்கள் டயர் மாற்றும்போதே டியூபையும் ரிம்மின் உள்பக்க ரப்பர்ப் பட்டையையும் மாற்றிவிடுங்கள். டயரோடு ஒப்பிட்டால் செலவு மிகச் சிறிது. பழைய டியூபில் மடிப்பு விழுந்த இடம் புதிய டயருக்குள் கிழியும். பயணத்தில் 21 அங்குல டியூப் ஒன்றை எடுத்துப் போனால், நெருக்கடியில் 18 அல்லது 17 அங்குலப் பின் சக்கரத்திலும் அதை மடித்துப் போட்டு மெதுவாக ஊர் போய்ச் சேரலாம்.

8. செலவைக் கிலோமீட்டரில் கணக்கிடுங்கள்

விலைச் சீட்டில் உள்ள தொகை ஒரு பகுதிதான். டியூப், ரிம் பட்டை அல்லது வால்வு, கழற்றி மாட்டும் கூலி, சமநிலை பார்க்கும் கூலி, பல இடங்களில் பழைய டயரை அப்புறப்படுத்தும் கட்டணம் ஆகியவை சேரும். சக்கரத்தை நீங்களே கழற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தால் கூலி குறைவது வழக்கம். இவையெல்லாம் சேர்ந்த மொத்தத் தொகையை, அந்த டயர் ஓடக்கூடிய தூரத்தால் வகுத்துப் பாருங்கள்.

எடை மிக்க வண்டியில் பெரிய பட்டன் கொண்ட பின் டயர் 4,000 முதல் 6,000 கி.மீ. வரையில் தேய்ந்துவிடுவது சாதாரணம். நடுப்பட்டையுள்ள கடினமான டயர் 12,000 கி.மீ. தாண்டுவதும் சாதாரணம். மொத்தச் செலவு முதலாவதற்கு 100 பங்கு, 5,000 கி.மீ.; இரண்டாவதற்கு 120 பங்கு, 12,000 கி.மீ. என்று வைத்துக்கொண்டால், 1,000 கிலோமீட்டருக்கு முதலாவது 20 பங்கும் இரண்டாவது 10 பங்கும் விழுங்குகிறது. விலை குறைந்ததாகத் தெரிந்தது இரு மடங்கு செலவு வைக்கிறது. 150 கிலோவுக்குட்பட்ட சிறிய வண்டிகளில் பட்டன் டயரும் இதைவிடக் கூடுதலாக உழைக்கும். அங்கே இந்த வேறுபாடு சுருங்கும், ஆகவே சிறிய வண்டிக்காரர்கள் பட்டன் டயருக்கு இவ்வளவு அஞ்ச வேண்டாம்.

9. எப்போது வாங்குவது?

தேய்மானம் முழுவதும் முடியும் வரை காத்திருக்காதீர்கள். சட்டப்படி இருக்க வேண்டிய குறைந்தபட்ச ஆழம் பல நாடுகளில் 1 மி.மீ. அல்லது 1.6 மி.மீ.; ஆனால் சரளையில் பட்டன் டயரின் பயன் அதற்கு வெகுமுன்பே, ஏறக்குறையப் பாதி ஆழத்திலேயே, குறையத் தொடங்கிவிடும். பின் டயரில் 3 மி.மீ. மிச்சமிருக்கும்போது ஆர்டர் கொடுத்துவிடுங்கள். குறிப்பிட்ட அளவும் வகையும் எப்போதும் கையிருப்பில் இருப்பதில்லை. அவசரத்தில் தேடுபவர்கள், கிடைப்பதை வாங்கி ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் சகித்துக்கொள்கிறார்கள்.

நீண்ட பயணம் இருந்தால், குறைந்தது இரண்டு வாரத்துக்கு முன் புதிய டயர் மாட்டியிருக்க வேண்டும். பழகும் தூரம் ஓடி முடிக்கவும், பொருத்தியதில் குறை இருந்தால் திருப்பிக் கொண்டுபோய்க் காட்டவும் அந்த இடைவெளி தேவை.

பணம் கொடுப்பதற்கு முன் உற்பத்தித் தேதியைப் பாருங்கள். டாட் வரிசையின் முடிவில் நான்கு இலக்கங்கள் இருக்கும்: 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம். இந்த முழு வரிசை சில டயர்களில் ஒரு பக்கச்சுவரில் மட்டுமே இருக்கும். ஒரு பக்கத்தில் காணவில்லை என்றால் டயரைத் திருப்பிப் பார்க்கவும். பயன்படுத்தி 5 ஆண்டுகள் ஆன டயரை ஆண்டுக்கு ஒரு முறை தேர்ந்தவரிடம் காட்டச் சொல்வதும், உற்பத்தியாகி 10 ஆண்டுகள் ஆனதைத் தேயாவிட்டாலும் மாற்றச் சொல்வதும் பெரிய உற்பத்தியாளர்களின் அறிவுரை. தள்ளுபடியில் வரும் டயர்களில் பழைய தேதிகள் அதிகம். வாங்கும்போது, டயரின் பெயர், அளவு, நான்கு இலக்கத் தேதி மூன்றும் பில்லில் எழுதப்பட வேண்டும் என்று கேளுங்கள். உத்தரவாதம் கோர நேர்ந்தால் கையில் இருக்கும் சான்று அது ஒன்றுதான்.

10. மாட்டும்போது அருகில் நில்லுங்கள்

பார்க்க அனுமதிக்கும் பணிமனையைத் தேர்ந்தெடுங்கள். பக்கச்சுவரில் சுழலும் திசையைக் காட்டும் அம்புக்குறி இருக்கும். சில டயர்களில் முன்பக்கத்துக்கு ஒரு திசையும் பின்பக்கத்துக்கு எதிர்த் திசையும் குறித்திருப்பார்கள். ஒரு பணிமனையில் என் பின் டயரைத் திசை மாற்றி மாட்டித் தந்தார்கள். கிளம்புவதற்கு முன் அம்புக்குறியைப் பார்த்ததால் அங்கேயே சரிசெய்ய முடிந்தது. பக்கச்சுவரில் மஞ்சள் புள்ளி இருந்தால், அது பொதுவாக டயரின் எடை குறைந்த இடத்தைக் குறிக்கும். அது வால்வுக்கு நேராக வர வேண்டும்.

டியூபை உள்ளே வைக்கும் முன் அது உருவம் பெறும் அளவுக்குச் சிறிது காற்று அடைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் நெம்புகோல் அதைக் கடித்துவிடும். காற்று முழுதாக அடைத்த பிறகு, ரிம்மை ஒட்டி டயரைச் சுற்றி ஓடும் மெல்லிய வரி, ரிம் விளிம்பிலிருந்து எல்லா இடத்திலும் ஒரே தூரத்தில் இருக்கிறதா என்று சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள். ஓரிடத்தில் அந்த வரி உள்ளே போயிருந்தால் டயர் இன்னும் சரியாக உட்காரவில்லை. அதை உட்கார வைக்கப் பக்கச்சுவரில் குறித்த அதிகபட்ச அழுத்தத்தைத் தாண்டக் கூடாது. காற்றை இறக்கி, சோப்பு நீர் தடவி, மீண்டும் அடைக்க வேண்டும்.

டியூப் வால்வின் நட்டை ரிம்மோடு ஒட்டி இறுக்கிவிடுவது பலரின் பழக்கம். அதை வால்வு மூடியை நோக்கி மேலே ஏற்றி விடுங்கள். குறைந்த காற்றில் டயர் ரிம்மில் நகர்ந்தால், நட்டு தளர்ந்திருக்கும் வால்வு சாய்ந்து நின்று உங்களுக்கு அறிகுறி காட்டும். இறுக்கிய வால்வு அடியோடு கிழிந்து, டியூபில் இருக்கும் காற்று ஒரே நொடியில் வெளியேறும். கடைசியாக, அச்சு நட்டைக் கையேட்டில் சொன்ன அளவுக்கு, இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரென்ச்சால் இறுக்கினார்களா, செயின் தளர்வைச் சரிபார்த்தார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

11. காற்றழுத்தம்

நல்ல டயரைத் தேர்ந்தெடுத்துவிட்டுத் தவறான காற்றோடு ஓட்டினால், தேர்ந்தெடுத்த உழைப்பெல்லாம் வீண். தார்ச்சாலையில் கையேட்டில் உள்ள அளவுதான் தொடக்கம். டயர் குளிர்ந்திருக்கும்போது, அதாவது ஓட்டுவதற்கு முன், சொந்த அளவுமானியால் அளக்க வேண்டும். சாலையில் நன்றாக ஓடிச் சூடேறிய பிறகு மறுபடி அளந்தால் 10 விழுக்காடு அளவில் கூடியிருப்பது இயல்பு. அதைவிட மிக அதிகமாகக் கூடியிருந்தால், தொடக்கத்தில் காற்று குறைவாக இருந்து பக்கச்சுவர் அளவுக்கு மீறி வளைந்து சூடாகிறது என்று பொருள்.

நீண்ட தூரம் சரளை வரும்போது, சாலை அளவிலிருந்து ஐந்தில் ஒரு பங்கு குறைப்பது பாதுகாப்பான தொடக்கம்: 36 பி.எஸ்.ஐ. என்றால் 29 பி.எஸ்.ஐ. அளவுக்கு வரும். டயர் சற்று மென்மையாகி கற்களைச் சுற்றி வளைந்து பிடிக்கும். பின்சக்கரம் குதிப்பது குறையும். கைகளில் நடுக்கம் தணியும். இதற்குக் கீழே போகப் போக ரிம் நெளியும் அபாயமும், டியூப் இரண்டு இடத்தில் பாம்பு கடித்தது போலக் கிழியும் அபாயமும் கூடும். சுமையோடு போகிறவர்களும், கூர்மையான பெரிய கற்கள் நிறைந்த பாதையில் வேகமாகப் போகிறவர்களும் அதிகம் குறைக்க வேண்டாம். மறுபடி தார்ச்சாலை ஏறியதும் காற்றைப் பழைய அளவுக்கு நிரப்பிய பிறகே வேகமெடுக்க வேண்டும். ஆகவே கையில் ஒரு பம்ப் இல்லாமல் காற்றை இறக்காதீர்கள்.

12. முதல் 150 கிலோமீட்டர்

புதிய டயரின் மேற்பரப்பு வழவழப்பாக இருக்கும். அது சற்றுச் சொரசொரப்பாகும் வரை பிடிப்பு முழுதாக வராது. முதல் 150 கி.மீ. அளவுக்குச் சாய்வையும் பிரேக்கையும் படிப்படியாகக் கூட்டுங்கள். சாலை டயரிலிருந்து பட்டன் டயருக்கு மாறியவர்களுக்கு வளைவில் வண்டி மிதப்பது போலத் தோன்றும். அதன் அளவு என்ன, எந்தச் சாய்வில் தொடங்குகிறது என்று காய்ந்த சாலையிலேயே பழகிக்கொண்ட பிறகு மழையில் இறங்குங்கள்.

அந்த முதல் தூரம் முடிந்ததும் ஸ்போக்குகளை ஒவ்வொன்றாகச் சிறு ஸ்பேனரால் தட்டிப் பாருங்கள். மந்தமாக ஒலிப்பது தளர்ந்தது. வால்வு நேராக நிற்கிறதா, ஸ்விங் ஆர்மின் உட்பக்கத்தில் புதிய உரசல் கோடு விழுந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, மாட்டிய நாளின் ஓடோமீட்டர் எண்ணைப் பில்லின் பின்புறம் எழுதி வையுங்கள். 1,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை நடுப் பட்டனின் ஆழத்தை அளந்து அதற்குக் கீழே குறித்து வந்தால், அடுத்த பின் டயருக்கு எந்த மாதம் ஆர்டர் கொடுக்க வேண்டும் என்பதை அந்தப் பில்லே சொல்லிவிடும்.